மேலே கயிறு பிடிப்பவர்

(குலசேகரன்பட்டினத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடிக் கடலில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ல். முத்துக்குளிப்பைத்தான் நம் கரையில் சலாபம் என்று சொல்லுவோம். அதை நேரில் பார்த்த கண்கள் இந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம். குளிப்பவர் கல்லின் கனத்தில் கீழே இறங்குவார். ஒரு நிமிடம், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக அடியில் இருப்பார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் அந்த அசைவைக் கையில் உணர்ந்து உடனே இழுக்க வேண்டும். பராக்குப் பார்த்தால் போயிற்று. அதனால்தான் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும் என்று இந்தக் கரையில் ஒரு வழக்கம் சொல்லிவருகிறார்கள். கீழே இருக்கிறவன் செத்தால் தாலி இழப்பது மேலே இருக்கிறவனுடைய உடன்பிறந்தவள். அவன் கண் அயர மாட்டான்.

மேலதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தத் தோணிதான் நினைவுக்கு வரும். வேலை செய்கிறவனுக்குக் கம்பெனியின் பெயரோ, கட்டடமோ, பங்குச் சந்தை விலையோ ஒன்றும் கைக்கு எட்டாது. அவனுக்கு எட்டுவது ஒரே ஒரு கயிறு. அதன் மறுமுனையில் ஒரு மேஸ்திரி, ஒரு சூப்பர்வைசர், ஒரு மேனேஜர். அந்த ஓர் ஆள்தான் அவனுக்குக் கம்பெனி.

நான் முப்பது ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்த்தவன். ஆள் எடுக்கிற தாளும் என் மேசைக்கு வரும், ஆள் விலகுகிற தாளும் வரும். விலகல் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: சொந்தக் காரணங்களுக்காக. அந்த இரண்டு சொற்களை நாங்கள் அப்படியே ஒப்புக்கொண்டோம். பதிவேட்டில் எழுதினோம், கணக்கை முடித்தோம். ஒரே பகுதியிலிருந்து, ஒரே சூப்பர்வைசருக்குக் கீழேயிருந்து, ஒரே வருஷத்தில் ஏழு பேருக்குச் சொந்தக் காரணம் எப்படி வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். இன்றைக்கு இங்கே நின்று பேசுவதற்கு அதுதான் காரணம்.

ஒரு பையனைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துப் பையன்தான். எட்டு வருஷம் எங்கள் ஆலையில் இருந்தான். இயந்திரம் ஓடுகிற சத்தத்திலேயே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவன் அம்மாவுக்கு நோய் வந்து தேறியது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டான். தசராவுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, காளி வேஷம் கட்ட வேண்டும். சூரசம்ஹாரத்துக்கு மூன்று நாள் விடுப்பு கேட்டான். குலசை தசரா என்றால் இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வேஷக்காரர்கள் வந்து சேருகிற கடற்கரை இது.

அந்த சூப்பர்வைசர் விடுப்பு இல்லை என்றார். அதோடு விடவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் இருபது பேர் முன்னால் நிறுத்தி, "ஒன் சாமி வந்து சம்பளம் போடுமாலே?" என்று கேட்டார். பையன் மறுநாள் வரவில்லை. பிறகு வைப்புநிதிப் பணம் வாங்க வந்தவனை உட்காரவைத்துக் கேட்டேன். அவன் சொன்னது: "லீவு தராததுக்கு இல்ல சார். எல்லாரும் சிரிச்சாங்க."

கூலி குறைந்தாலும் சகிக்கிறவர்கள், வேலை கூடினாலும் தாங்குகிறவர்கள், இருபது பேர் சிரித்த அந்த அரை நிமிடத்தைத் தாங்கமாட்டார்கள். கெட்ட மேலதிகாரி என்றால் கொடியவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த சூப்பர்வைசர் வீட்டில் நல்ல தகப்பன், கோயில் வரி ஒழுங்காகக் கட்டுகிறவர். அவரும் ஒருவரிடம் தினம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மேலே வாங்கியதைக் கீழே இறக்கிவைத்தார். ஆனால் அதை வைத்து அவரை விட்டுவிட முடியாது. கையில் கயிறு இருக்கிறபோது நம் வருத்தம் நமக்குச் சாக்கு ஆகாது.

வெளிநாட்டு ஆராய்ச்சிகள் இரண்டை மட்டும் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வந்துவிடுகிறேன். காலப் நிறுவனம் 2015-ல் அமெரிக்காவில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டது. ஏதாவது ஒரு கட்டத்தில் மேனேஜரிடமிருந்து தப்பிப்பதற்காகவே வேலையை விட்டிருக்கிறேன் என்று ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். இன்னொன்று 2009-ல் சுவீடனிலிருந்து வந்தது. ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் வேலை பார்த்த 3,122 ஆண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். தங்கள் மேலதிகாரி தெளிவாகச் சொல்கிறார், செய்தியைப் பகிர்கிறார், மதிக்கிறார் என்று சொன்னவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே இடத்தில் எத்தனை ஆண்டு இருந்தார்களோ அத்தனைக்கு அந்தத் தொடர்பு கூடியது. விட்டுப் போகாதவன் தப்பித்துவிட்டான் என்று நாம் நினைக்கிறோம். அவன் நெஞ்சில் அந்தக் கெடுதல் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இனி தூத்துக்குடிக்கு வருகிறேன். 1908-க்கு.

கோரல் மில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை. பாபநாசத்திலும் மதுரையிலும் அவர்களுக்கு ஆலைகள் இருந்தன. குறைந்த கூலி, நீண்ட நேரம், ஓய்வு நாள் கிடையாது. பஞ்சாலையில் வளர்ந்த ஆண்பிள்ளைக்கு ஒரு நாளில் இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் வந்ததே 1911-ல்தான், அதுவும் பன்னிரண்டு மணி நேரம் என்று. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஆலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி வ.உ.சிதம்பரனார் அந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசினார். அவர் ஆலைத் தொழிலாளி இல்லை. ஒட்டப்பிடாரத்து வக்கீல், சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். நான்கு நாள் கழித்து, 27-ந் தேதி, கோரல் மில் நின்றது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மற்ற விடுப்புகள். கேட்டது இவ்வளவுதான். ஊர் அவர்கள் பக்கம் திரும்பியது. வ.உ.சி.யைக் குறைசொன்ன ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, பாதி முகத்தோடு விட்டுவிட்டு எழுந்து போனார் என்று தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள்.

ஒன்பது நாள். மார்ச் 6-ந் தேதி ஆலையின் தலைமைக் குமாஸ்தா வந்து வ.உ.சி.யைப் பார்த்தார், நிர்வாகம் இறங்கி வருகிறது என்றார். வ.உ.சி. ஐம்பது தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு மேனேஜர்களைப் பார்க்கப் போனார். கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது.

இந்தக் கதையைச் சுதந்திரப் போராட்டத்தின் ஒரு பக்கமாகத்தான் நாம் சொல்லிவருகிறோம். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன், அந்த ஐம்பது பேரை. மேனேஜரின் அறைக்குள் தனியாக நுழைய முடியாதவன், நுழைந்தால் திட்டு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியவன், அன்றைக்கு ஐம்பதில் ஒருவனாக நுழைந்தான். தனக்காகப் பேச ஒரு வக்கீல் பக்கத்தில் இருந்தார். ஒன்பது நாள் வேலைக்குப் போகாமல் இருந்தவர்களில் யாரும் வேலையை விட்டுப் போக விரும்பவில்லை என்பதையும் பாருங்கள். அந்த ஆலையில் மனிதராக இருந்து வேலை செய்ய வேண்டும் என்றுதான் நின்றார்கள். சம்மதம் கிடைத்ததும் திரும்பப் போனார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானபோது அதே தொழிலாளர்கள் மறுபடி ஆலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை தங்களுக்கென்று ஒரு காசும் கேட்கவில்லை. தங்கள் கயிற்றைப் பிடித்திருந்தவருக்காக நின்றார்கள். நல்ல தலைமைக்கு ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிட நான் எதைக் காட்டுவது?

அப்படி நின்று பேசாமல் ஆட்கள் விலகிப் போனால் என்ன ஆகும்? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்று ஒரு பொருளியல் அறிஞர். பெர்லினில் பிறந்து, நாஜிகள் வந்ததும் நாட்டை விட்டு வெளியேறியவர். வெளியேறுவது, குரல் கொடுப்பது, பற்றோடு இருப்பது என்ற மூன்றையும் வைத்து 1970-ல் ஒரு நூல் எழுதினார். நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. ரயில் சேவை மோசமாக இருந்தது. சண்டை போட்டுச் சீர்செய்திருக்கக்கூடிய ஆட்கள் எல்லாம் லாரிக்கு மாறிவிட்டார்கள். ரயிலில் மிஞ்சியவர்கள் பேச வழியில்லாதவர்கள். ரயில் அப்படியே மோசமாக இருந்தது. இது என் ஆலையின் கதை. கெட்ட சூப்பர்வைசரை விட்டு முதலில் போகிறவன் யார்? வேறு இடத்தில் வேலை கிடைக்கக்கூடியவன். கைத்திறன் உள்ளவன், வாய் திறந்து கேட்கக்கூடியவன். அவன் போனதும் பகுதி அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் பார்த்து நிர்வாகம் அந்த சூப்பர்வைசருக்குப் பதவி உயர்வு கொடுக்கும். கொடுத்தோம். நானே அந்தத் தாளில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஆனால் வெளியேறுவதுகூட எல்லோருக்கும் திறந்த கதவாக இருந்ததில்லை. இந்தக் கரைக்கு அது நன்றாகத் தெரியும்.

முன்பணம் வாங்கிய தொழிலாளி பாதியில் வேலையை விட்டால் அது குற்றம் என்று 1859-ல் ஆங்கில அரசு ஒரு சட்டம் போட்டது. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். பணத்தைக் கொடு, இல்லையென்றால் வேலையை முடி. இரண்டும் இல்லையென்றால் மூன்று மாதம் வரை சிறை. முதலாளி எவ்வளவு கொடியவர் என்ற கேள்வியே அந்த விசாரணையில் எழாது. அதை நீக்குவதற்கு 1925-ல்தான் சட்டம் வந்தது. அறுபத்தாறு ஆண்டுகள்!

கடலுக்கு அந்தப் பக்கமும் அதே கதைதான். இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நம் மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். தட்டப்பாறையில் முகாம், தூத்துக்குடியில் கப்பல். புறப்படும்போதே கடன். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் பெயரில் ஏறிவிடும். அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தத் தோட்டம் துண்டில் உள்ள கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ள வேண்டும். துண்டு இல்லாமல் போனால் ஓடிப்போனவன். பிடித்தால் தண்டனை. கங்காணி அடித்தாலும் துரை உதைத்தாலும், காலில் கட்டிய கல் அந்தச் சீட்டு. துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921-ல்.

இன்று துண்டு என்ற சொல் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டை வாங்கி முதலாளி பெட்டியில் வைத்துப் பூட்டுவது தெரியும். வளைகுடாவில் மீன்பிடிக்கப் போன பிள்ளைகளின் வீடு ஒன்றையேனும் இந்தக் கரையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். வேலை மாறப் பழைய முதலாளியிடம் ஆட்சேபனையில்லைச் சான்று வாங்க வேண்டும் என்ற விதியைக் கத்தார் எடுத்தது 2020-ல். விதி எடுத்தார்கள். பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதை அங்கே இருக்கிற பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

உப்பளத்தையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது வாங்கிய முன்பணம், வெயில் காலத்தில் வாயை அடைக்கிறது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களை நேரில் பார்த்துக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். பெண்கள் மேல் விழுகிற கண்ணும் கையும் எப்படிப் பாத்தியின் வெயிலைவிடச் சுட்டன என்பது அந்த நாவலில் இருக்கிறது. படிக்காதவர்கள் படியுங்கள். மணப்பாட்டுக்காரர்களுக்கு இன்னொன்று நினைவூட்டுகிறேன். பிரான்சிஸ் சவேரியார் 1544-ல் இந்தக் கரையிலிருந்து எழுதிய கடிதங்களில், பரதவரைக் காக்க வந்ததாகச் சொன்ன போர்த்துகீசியக் கேப்டன் கோஸ்மே டி பைவா அந்த மக்களுக்குச் செய்த கொடுமைகளைப் பற்றிக் குமுறியிருக்கிறார். கடலோடிகள் தாங்களாக எழுதியிருந்தால் கோவாவில் யார் பிரித்துப் படித்திருப்பார்கள்? அன்றும் அவர்களுக்காகப் பேச இன்னொருவர் வேண்டியிருந்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லாமல் போனால் என் ஊருக்கு நான் அநியாயம் செய்தவன் ஆவேன். சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் சென்னைக்குப் பலசரக்குக் கடைக்குப் போன பிள்ளைகளின் கதை எல்லோர் வீட்டிலும் உண்டு. கடையிலேயே சாப்பாடு, மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. அதில் கொடுமையும் உண்டு. வசந்தபாலன் 2010-ல் எடுத்த 'அங்காடித் தெரு'வைப் பார்த்து அழுதவர்கள் பலர் அதைத் தங்கள் உடம்பிலேயே அறிந்தவர்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது, அதை நினைத்துப் பாருங்கள்.

அதே கடைத் தெருவில் வேறு வகை அண்ணாச்சிகளும் இருந்தார்கள், இருக்கிறார்கள். பத்து வருஷம் உழைத்த பையன் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, நான் தனியா ஒரு கட போடலாம்னு..." என்று தொடங்குவான். அண்ணாச்சி முகம் சுளிக்க மாட்டார். எந்தத் தெருவில் கடை பிடிப்பது என்று அவரே போய்ப் பார்ப்பார். மொத்த வியாபாரியிடம் "நம்ம பையன், சரக்கு போடுங்க, பணம் நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லுவார். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவார். அந்தப் பையனும் விட்டுத்தான் போகிறான். ஆனால் அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை முதலில் போவது அந்த அண்ணாச்சிக்கு. விலகல் கடிதத்தில் அவனும் சொந்தக் காரணம் என்றுதான் எழுதுவான். அவன் எழுதினால் அது உண்மை.

இப்போது நம் ஊர் வாசலில் பெரிய வேலை வந்து நிற்கிறது. சிறிய ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே போக ஏற்ற இடம் என்று தேர்ந்தெடுத்து, 2024 பிப்ரவரி 28-ல் இங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். பெருமைதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அங்கே பார்க்கப்போவது ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியை, காவல் பிரிவின் சூப்பர்வைசரை, கேன்டீன் பொறுப்பாளரை. உங்களில் சிலரே அந்த மேஸ்திரிகளாக, சூப்பர்வைசர்களாக ஆகப்போகிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திட்ட வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாராட்ட வேண்டியதை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். விடுப்பு இல்லையென்றால் இல்லையென்று மட்டும் சொல்லுங்கள், அவன் சாமியையும் அவன் வீட்டையும் இழுக்காதீர்கள். ஒருவன் விலகினால் அவன் போன ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டு, ஏன் போனாய் என்று கேளுங்கள். கணக்குத் தீரும்வரை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

வேலையில் நொந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பொறுத்துப் போ என்று மட்டும் சொல்லுகிற பெரியவன் நான் இல்லை. முதலில் பேசிப் பாருங்கள், தனியாக முடியாவிட்டால் நாலு பேராகப் பேசிப் பாருங்கள். முடியாதபோது விட்டு வாருங்கள். வீட்டில் இருக்கிற தாய்மார்கள், "வேலையை விட்டுட்டு வந்துட்டானே" என்று அடுப்படியில் புலம்புவதற்கு முன் அவனுக்குச் சோறு போடுங்கள்.

கடைசியாக ஒரு கடிதம். எண்பதுகளில் எல்லாம் கையால் எழுதிய கடிதங்கள்தான். ஒருவர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். வழக்கமான வாசகம். ஆனால் அதற்கு மேலே ஒரு வரி எழுதி, பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருந்தார். அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடித்த கோடுகளுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. 'என் அம்மாவைப் பற்றித் தவறாகப் பேசினார்' என்று இருந்தது. பேசியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அறை என் அறைக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நான் அந்தத் தாளைக் கோப்பில் கோத்து, நாடாவைக் கட்டி, அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.